ஏனுங்க சார்

கண்ணுங்களா, நேற்று தட்டில் கிடந்த இரண்டு தண்ணீர்ச் சொட்டுகள் பக்கத்தில் வந்ததும் ஒன்றாகிப்போனதைக் காட்டி, ஏன் என்று கேட்டீர்கள். "சாப்புட்டுப்போட்டுப் பேசுங்க" என்று அதட்டிவிட்டேன். அது தப்பு. எனக்கும் ஒருவர் அந்தத் தப்பைச் செய்தார். இன்னும் மனசு ஆறவில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அறிவியலுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்திருந்தார். 'பொருளின் துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டார். கல்லும் இரும்பும் நானும் எல்லாம் துகள்தான் என்றால், அவை எதற்காக ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்? ஒருத்தனும் கேட்கவில்லை. நான் எழுந்தேன்.

"ஏனுங்க சார்?"

"என்னடே, சொல்லு."

"ஏனுங்க?"

"அதான் சொல்லுன்னுட்டேன்லா."

நம் ஊரில் ஆளைக் கூப்பிடுவதற்கும் 'ஏனுங்க'தான், காரணம் கேட்பதற்கும் 'ஏனுங்க'தான். கடைக்காரர், கண்டக்டர், வீட்டுக்காரம்மா என்று எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டதில், அது கூப்பிடுகிற சொல் என்று மட்டும் அவர் கற்றுவைத்திருந்தார். மூன்றாம் தடவையும் கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"கேலியா பண்ணுத? வெளிய நில்லுலே."

மணி அடிக்கும்வரை நின்றேன். வீட்டில் அப்பாவிடம் ஞாயம் கேட்டால், "எதுக்குக் கண்ணு வம்பு, ஒரு மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்துரு" என்றார். கேள்வி கேட்டதற்கு மன்னிப்பாம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் மேசையருகே போய் மரியாதையாகக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க சார்..."

"ஏனா? நேத்து செஞ்சது மறந்துபோச்சோ?"

கேட்டபோது கூப்பிட்டதாக நினைத்தவர், கூப்பிட்டபோது கேட்டதாக நினைத்தார். அன்றும் வெளியேதான்.

அநியாயம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் ஒன்று அப்போது எனக்குப் புரியவில்லை. வந்த நாள் முதல் அவருடைய 'சொல்லுதேன்', 'பண்ணுதேன்' எல்லாவற்றையும் நாங்கள் பழித்துக்காட்டினோம். அதில் கெட்டிக்காரன் நான்தான். அவர் காதில் விழுந்திருக்காது என்று நம்பியிருந்தேன்.

பதிலை உங்கள் புத்தகத்தில் தேடிப் படித்தேன். தண்ணீர்த் துகளின் ஒரு பக்கம் கொஞ்சம் நேர் மின்னூட்டம், மறுபக்கம் கொஞ்சம் எதிர். ஒன்றின் நேர்ப்பக்கம் இன்னொன்றின் எதிர்ப்பக்கத்தை இழுக்கிறது. கிட்டத்தில் வந்தால்தான் இழுக்கும், தள்ளிப்போனால் விட்டுவிடும். நேரும் எதிரும் எதற்காக இழுக்கின்றன என்றால் எனக்குத் தெரியாது. அதை நேற்றே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை நீங்கள் பஸ் ஏறிய பிறகு, அதே தட்டை எடுத்து இரண்டு சொட்டு விட்டு மெல்லச் சாய்த்தேன். ஒட்டிக்கொண்டன. வீட்டில் யாரும் இல்லை. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "ஏனுங்க சார்?"