பலூன் மாஸ்டர் ஊதிய மூச்சு

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் மாஸ்டர். காலையில் வேலைக்குப் போகும்போது ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். சாயங்காலம் திரும்பும்போது வயிறுதான் முதலில் வீட்டுக்குள் நுழையும். கேன்டீனில் அவருக்குப் பலூன் மாஸ்டர் என்றே பெயர்.

"மாஸ்டர், அடுப்புப் பக்கம் பாத்துப் போங்க. வெடிச்சிடப் போகுது!"

அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தால் வயிறு எப்படி வலிக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னதில்லை. "வயிறு கெட்ட மாஸ்டர் கையால எவன் மாப்ள சாப்பிடுவான்?" என்று ரொம்பப் பின்னால்தான் என்னிடம் சொன்னார். கேன்டீனில் மறைத்தார், சரி. வீட்டிலும் அதே ஊமை வேஷம் போட்டார் பாருங்கள், அங்கேதான் குடி கெட்டது.

அக்கா தட்டில் சோறு போடுவாள். இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தள்ளி வைப்பார்.

"ஏங்க?"

"பசியில்ல."

அவள் உப்பைக் குறைத்தாள், காரத்தைக் குறைத்தாள், எண்ணெயை மாற்றிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரியிடம் பக்குவம் கேட்டு வந்தாள். பதில் மாறவில்லை. ஊருக்கே ஆக்கிப் போடுகிறவருக்கு என் கைச்சோறு எங்கே இறங்கப் போகிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். சண்டை பிடிக்கத் தெரியாது அவளுக்கு. உள்ளுக்குள்ளேயே போட்டுப் புழுங்குவாள்.

உடம்பு இளைத்துக்கொண்டே போய், ஒருநாள் கேன்டீன் அடுப்படியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அதிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எங்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் டாக்டரிடம் வாயைத் திறந்தார். பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். சிறுகுடலில் கிருமி அளவுக்கு மீறிப் பெருகினால், தின்பது அங்கேயே நொதித்து வாயுவாகுமாம். அது ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியே வருமாம். இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து, விட்டுவிட்டு ஊதச் சொல்லி அளப்பார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் வெறும் சோறும் அவித்த முட்டையும் தவிர வேறு எதுவும் கூடாது. அதன்பின் பட்டினி.

திரும்பி வரும்போது அக்கா என் காதோடு கேட்டாள். "அப்ப நோய்தானா தம்பி? என் சமையல் இல்லியா?"

"ஊதினாத் தெரிஞ்சுடும்க்கா."

சோற்றையும் முட்டையையும் அவளே வேகவைத்து டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். அவரும் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் பரிசோதனை அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பரிசோதனை செய்யும் பெண் ஒரு குழாயைக் கொடுத்தாள். மாமா ஊதினார். அவள் கருவியைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் ஊதச் சொன்னாள்.

"ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் முட்டையும்தாம்மா."

"வேற எதுவுமே வாயில வைக்கலியா? இனிப்புத் தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு வாயு காட்டுது. இதுக்கு மேல எடுத்துப் பிரயோசனம் இல்ல."

மாமா தலையைச் சொறிந்தார். "கேன்டீன்ல ருசி பாத்தேன். பருப்புல ஒரு கரண்டி, வெங்காயக் குழம்புல ஒரு கரண்டி, கடைசியில இனிப்புப் பால் கொஞ்சம். அது வேலைம்மா, சாப்பாடு இல்லியே!"

"வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா ஐயா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் பொய் சொல்லவில்லை. தட்டைப் போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாப்பாடு. நின்றபடி நாக்கில் விடுவது தொழில்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தினமும் இப்படித்தானா?"

"எல்லாச் சட்டியும்தான். பாக்காம எப்படி இறக்குறது?"

"அங்க எல்லாச் சட்டியும் தொண்டையில இறங்குது. என் சட்டிதான் விஷம்."

எழுந்து வெளியே போய்விட்டாள். அந்த நிமிஷத்திலாவது பின்னாலேயே போய் "வலிக்குதுடி" என்று சொல்லியிருக்கலாம். அவரோ, "அடுத்து எப்பம்மா வரணும்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கருவி பழுதாகி, அந்த அடுத்த தடவை வர ரொம்ப நாளாகிவிட்டது. அதற்குள் அக்கா அவருக்கென்று உலை வைப்பதை விட்டுவிட்டாள். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அவரும் ஏனென்று கேட்கவில்லை.

இரண்டாம் தடவை முதல் நாளே லீவு போட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பரிசோதனைக்கு நான் மட்டும்தான் கூடப் போனேன். இனிப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே வாயு ஏறிவிட்டது. "இந்தப் பரிசோதனை ஒண்ணு மட்டுமே வேதவாக்கு இல்ல. வலி, எடை எல்லாத்தையும் சேத்துப் பாத்துதான் சொல்றேன், கிருமிதான்," என்றார் டாக்டர். "பகல் முழுக்கக் கரண்டி கரண்டியா போறது சாயங்காலத்துக்குள்ள நொதிச்சு வயிறு உப்பிடும். அப்புறம் வீட்டுச் சோத்துக்கு எடம் ஏது?"

நான் நேரே அக்காவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேன்டீன் வாசல்ல போய்த் தண்டோராவாடா போட்டிருப்பேன்?"

பக்கத்திலேயே நின்ற மாமா மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. வயிறு வற்றியது. ஒருநாள் சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது, கை கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பசிக்குது" என்றார். அக்கா இருந்ததைப் போட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடேன்."

அக்கா பானையைச் சாய்த்துக் காட்டினாள். "இல்லீங்க. உங்களையும் சேத்து அளக்குறது கைக்கு மறந்துபோச்சு."

"பரவால்ல. நல்லா இருந்துச்சு."

அக்கா பானையைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.