மூன்று சீனிக்காரனின் கோல்

கிளப் மண்டபத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்று விரித்து வைத்திருக்கும் நீல மட்டைக் குறிப்புக் கொப்பியின் ஓரத்தில், தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே சின்னம்மாவின் சாய்ந்த எழுத்து: "மழை. தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடுவார்களாம். மூன்று சீனி தலையால் அடித்தது. வென்றோம்."

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன உதைபந்தாட்டக் கிளப்பில் சனிக்கிழமைகளில் தேநீர் விற்றார். கடை என்று சொல்வதே அதிகம், பலகையால் அடித்த ஒரு கூடு. அதன் ஜன்னலால் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மட்டும்தான் தெரியும். மற்றப் பக்கத்தில் விழும் கோல்களைச் சத்தத்தில் அறிந்து, பிறகு தேநீர் வாங்க வருபவனை மடக்கி, அடித்தது யாரென்று கேட்டு எழுதுவார். வெள்ளைக்காரப் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையவில்லை. யார் எப்படித் தேநீர் குடிப்பான் என்பது மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. ஆகவே சீசன் சீசனாக, கொப்பி கொப்பியாக, ஆட்டக்காரர்களுக்கு அவர் எழுதிய பெயர்கள் 'மூன்று சீனி', 'பால் வேண்டாம்', 'சாயம் கூட', 'ஆறவிட்டுக் குடிப்பவன்' என்றுதான். ஏன் இந்த வீண் வேலை என்று நான் கேட்டால், "இவங்கள் அடுத்த கிழமையே ஒரு கோலை மூண்டாக்கிப் போடுவாங்கள். ஆராவது எழுதி வைக்க வேணுமெல்லே" என்பார். முழங்கால் வலியால் அவர் கடையை விட்டபோது கடைசிக் கொப்பியில் பாதி வெறுமையாக இருந்தது.

சென்ற ஆண்டு கிளப்பின் வரலாற்றைச் சீசன் வாரியாகப் புத்தகமாக்கப் புறப்பட்டார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்து, சின்னம்மா தேநீர் விற்ற காலத்துக் கிளப் பதிவுகள் முழுவதும் ஊறிப்போனது அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சீசன்களை வெறுமையாக விடுவதாக இருந்தார்கள். நான் கொப்பிகளை எடுத்துக்கொண்டு, சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். தேநீர்ப் பட்டியலை வைத்து வரலாறு எழுத முடியாது என்றார். சின்னம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "கொப்பியளை எடு பிள்ளை, போவம்" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசிக் கொப்பியில் கடைசியாக எழுதியிருந்த அந்த மழை ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் உரக்க வாசித்தேன்.

பின்வரிசையில் ஊன்றுகோலுடன் ஒருவர் எழுந்தார். "அந்த மூன்று சீனி நான்தான்" என்றார். சின்னம்மா திரும்பிப் பார்த்து, "ஓம், இவன்தான்! கப்பைத் திருப்பித் தராதவன்" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். மண்டபமே வெடித்துச் சிரித்தது. பிறகு 'பால் வேண்டாம்' எழுந்தார், 'சாயம் கூட' எழுந்தார். அடுத்தடுத்த வாரங்களில் நான் வாசிக்க வாசிக்க, பழைய ஆட்டக்காரர்கள் தங்களையும் வராதவர்களையும் அடையாளம் சொல்ல, செயலாளர் தலைகுனிந்து எழுதினார். ஒரு சீசன்கூட விடுபடவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புத்தகத்தை ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு மண்டபத்தில் வெளியிட்டார்கள். முதல் பக்கத்தில் சின்னம்மாவின் பெயர் இருந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் அதைக் காதில் வாங்கினாரோ தெரியாது. கொப்பி இருந்த கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவர் என் கையைப் பிடித்தார்.

"உந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லு பிள்ளை. பின்னுக்கு இன்னும் தாள் கிடக்கு. இண்டையான் ஆட்டம் எழுதேல்லை."