கொய்யா மரத்துக்கு மங்குக் கம்பி

பிள்ளைகளே, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். கொய்யா மரங்களுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த கதையை உங்கள் அம்மா சமைத்துக்கொண்டே அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். அதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம்.

ஜப்பான்காரன் காலத்தில் கெடாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிட்டது. பால் வாங்க ஆள் இல்லை. மரங்கள் சும்மா நின்றன. நாங்கள் மர வரிசைகளின், அதாவது நிரைகளின், நடுவே மரவள்ளி போட்டுத் தின்றோம். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியேறினான்.

பசியைவிடப் பெரிய பயம் லாரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு லாரி வரும். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட நாங்கள் வரிசையில் நிற்கும்போதே ஆட்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வராது. அப்போது உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தோட்டத்தில் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. நான் லாரி ஏறினால் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. எப்படியாவது லாரி ஏறாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு.

ஒரு நாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எங்களில் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகாரி சொல்வதை எங்களுக்குச் சொல்வது அவர் வேலை.

“துரை வச்ச கொய்யா பங்களா பின்னால நிக்கிதில்ல? அதுக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிளையெல்லாம் அதுல படுக்கவச்சுக் கட்டணுமாம். அவங்க ஊர்ல பேரி மரத்த அப்படித்தான் வளப்பாங்களாம்.”

“மரத்தக் கட்டிப்போடணுமா? அது என்ன ஓடியா போவப்போவுது?” என்றார் மாட்டுவண்டிக்காரர். எங்கள் நாலு பேரில் அவர்தான் வயதில் மூத்தவர்.

“சிரிக்காதீங்கண்ணே. இந்த வேலையில இருக்கிற வரைக்கும் நீங்க நாலு பேரும் லாரி ஏற வேணாம்னு சொல்லிட்டான். ஆனா முடிச்சதும் அவனே கம்பியப் புடிச்சுத் தொங்கிப் பாப்பான். கம்பம் சாஞ்சுதுன்னா அடுத்த லாரிதான் லா.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கம்பத்துக்கு வண்டிக்காரர் கடலோரத்தில் கோத்தா கோலா மூடா பக்கம் போய், மரவள்ளியைக் கொடுத்துவிட்டுப் பாக்காவ் கட்டைகளை ஏற்றி வந்தார். உப்புத் தண்ணீரில் வளர்ந்த கெட்டி மரம். மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் கரியாகும்வரை வாட்டினோம், கரையான் ஏறாமல் இருக்க.

கம்பிதான் கிடைக்கவில்லை. பட்டணத்துக் கடைகளில் ஓர் ஆணிகூட அப்போது கிடையாது. இரண்டு நாள் தேடிவிட்டு, மூன்றாம் நாள் நிரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த மரத்தில் பால் பிடிக்கும் மங்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்குவதற்கு மரத்தைச் சுற்றி ஒரு கம்பி. பக்கத்து மரத்திலும் ஒரு கம்பி. அதற்கு அடுத்ததிலும். தோட்டம் முழுக்கக் கம்பிதான் இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

நாலு பேரும் நிரை நிரையாகப் போய் மங்குக் கம்பிகளைக் கழற்றினோம். ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். துருவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நுனிக்கு நுனி கொக்கி போட்டு இணைத்தோம். ஒற்றைக் கம்பி தாங்காது என்று மூன்று இழையைச் சேர்த்துக் கயிறுபோல முறுக்கினேன். ஓர் இழையில் இணைப்பு வரும் இடத்தில் மற்ற இரண்டிலும் இணைப்பு வராதபடி பார்த்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் கிழிந்து, சாப்பிடும்போது உப்புப் பட்டால் எரியும்.

கம்பங்களை நட்டு, முழங்கால், நெஞ்சு, தலைக்கு மேல் என்று மூன்று அடுக்காகக் கம்பி இழுத்தோம். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் எல்லாக் கம்பமும் ஒரே கம்பமாகத் தெரியும். வண்டிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “வெள்ளக்காரத் தொரையே வந்தாலும் கொற சொல்ல முடியாது” என்றார்.

அதிகாரி வந்தான். மேல் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினான். கம்பி தொட்டில்போல் இறங்கியது. முனையில் இருந்த கம்பம் மெதுவாக உள்பக்கம் சாய்ந்து, மண்ணைக் கிளப்பிக்கொண்டு படுத்தது. கீழே விழுந்தவன் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு, “பாகேரோ” என்று அவன் மொழியில் திட்டி என் கன்னத்தில் அறைந்தான். கம்பி வேலை என்னுடையது என்று அவனுக்குத் தெரியும்.

“பத்து நாள்ல லாரி வருதாம்” என்றார் கிராணி. “அதுக்குள்ள நிக்க வைங்க. இல்லன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

மத்தியானம் உங்கள் அம்மா அவித்த மரவள்ளி கொண்டுவந்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். கீழே கிடந்த கம்பத்தையும் குழியையும் சுற்றிவந்து பார்த்தாள்.

“இது என்னங்க, கன்னு நடுற குழி மாதிரி இருக்கு?”

“குழின்னா அப்படித்தான் இருக்கும்.”

“இவ்வளவு அகலமா வெட்டி, லூசா மண்ணப் போட்டு மூடுனா வேர் ஓடும். கட்டைக்கு வேரா ஓடப்போவுது?”

வண்டிக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். அவள் அவருடைய மாடு கட்டியிருந்த இடத்தைக் காட்டினாள். “அந்த மொளைய ஏண்ணே சாச்சு அடிச்சிருக்கீங்க?”

“நேரா அடிச்சா மாடு இழுத்துப் புடுங்கிடும்மா.”

“மாட்டுக்குத் தெரிஞ்சது கம்பிக்குத் தெரியாதா?”

வெட்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் எங்கள் தப்பு ஒரே தப்புத்தான். கம்பத்தை ரப்பர் மரம் நடுவதுபோல நட்டிருந்தோம். கன்று நடுவதற்கு முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றையே எடுத்து, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் விடும் அந்தத் தூரத்தையே கம்பங்களுக்கும் விட்டிருந்தோம். குழியும் கன்றுக் குழி. நிரை கோணினால் கங்காணி திட்டுவார் என்று சின்ன வயதிலிருந்து பழகிய கண், முனைக் கம்பத்தையும் நேராக நிற்க வைத்துவிட்டது. தெரிந்த வேலை என்று நினைத்துத் தெரியாத வேலையைச் செய்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஒரு கம்பிகூட விடாமல் அவிழ்த்தோம். “இருக்கிறதையே முட்டுக் குடுத்து நிறுத்திடலாமே” என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டு ஒரு நாள் நிற்கும். அவன் எந்த நாள் வந்து தொங்குவான் என்று யாருக்குத் தெரியும்?

இந்தத் தடவை கட்டை நுழைந்து சுற்றிலும் இடிக்க இடம் இருக்கும் அளவுக்கு மட்டும் குழி. ஆழம் என் தோள்வரை. ஒரு சாண் மண், அதன் மேல் செம்பாறைக் கல், உலக்கைபோல ஒரு கட்டையால் இடி, மறுபடி மண். இடித்த இடத்தில் குதிகாலால் குத்தினால் பள்ளம் விழக் கூடாது, விழுந்தால் மறுபடி இடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டோம். இரண்டு கம்பத்துக்கு நடுவே இன்னொரு கம்பம் நட்டோம். முனைக் கம்பங்களை மாட்டு முளைபோல வெளிப்பக்கம் சாய்த்தோம். அவற்றின் தலையிலிருந்து ஒரு கம்பியைத் தரைக்கு இறக்கி, குறுக்காகப் புதைத்த ஒரு கட்டையில் கட்டினோம். அந்தக் கட்டைக்கு மேல் ஆள் உயரம் மண்.

எட்டாம் நாள் வேலை முடிந்தது. நாலு பேரும் ஒன்றாக மேல் கம்பியில் தொங்கினோம். அது முனகியது, ஆனால் இறங்கவில்லை.

லாரியும் அதிகாரியும் ஒரே நாள் காலையில் வந்தார்கள். பிரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவன் முதலில் கம்பியில் தொங்கினான். பிறகு முனைக் கம்பத்தைப் பூட்ஸ் காலால் உதைத்தான். இன்னொரு தடவை உதைத்தான். கூட வந்த சிப்பாயையும் தொங்கச் சொன்னான். நான் கம்பத்தின் அடியில் இருந்த மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவன் ஏதோ சொன்னான். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார். “இதே மாதிரி இன்னும் மூணு வரிசை வேணுமாம்.”

லாரி எங்களைக் கடந்துதான் போனது. மேல் லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் அதில் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பதிலுக்குத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். இதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

மூன்று வரிசையையும் ஒரு குறையும் இல்லாமல் கட்டினோம். ஆனால் அவசரப்படவில்லை. கம்பி தீர்ந்துவிட்டது, கட்டை வரவில்லை என்று கிராணியும் எங்களுக்காக நாளைத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டாவது வரிசையின் முனைக் கம்பத்தை இடித்துக்கொண்டிருந்தபோது லயத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, “பொம்பளப் புள்ள அண்ணே, ரெண்டு உசுரும் நல்லாருக்கு” என்றாள்.

உங்கள் அக்காதான். வண்டிக்காரர் என் கையிலிருந்த இடிகட்டையை வாங்கிக்கொண்டார். “நீ போ தம்பி. இது ஆடாம நான் பாத்துக்குறேன்.”