தண்ணீர் வற்றிய ஞாயிறு

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. போர்ட் பிளேரில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டி ஒன்றை அறிவித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்ப்பவள், என் வயதுக்காரி, என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாள். கோபத்தில் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஷூ வாங்கப் போனேன்.

சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ வந்துவிட்டன. குளத்திலும் நன்றாகவே நீந்தினேன். கடலில்தான் தகராறு. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரை நீச்சல் கண்ணாடி வழியே மணலும் பவளப்பாறையும் தெரியும். பாறை முடிகிற இடத்தில் தரை சட்டென்று இறங்கி, கீழே வெறும் கருநீலம். அந்த விளிம்பு வந்ததும் என் உடம்பு தானாகத் திரும்பிவிடும். அவள் அந்தப் பக்கம் மிதந்துகொண்டே கேலி செய்வாள்.

“என்னடி, அங்க செக்போஸ்ட் போட்டிருக்காங்களா?”

அவளுக்கு என்ன, சொல்லுவாள் என்று நினைத்துக்கொள்வேன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் அவளுடையது. ஆனால் சுனாமி அந்தத் தீவை அடித்துப் போனபோது தான் மெயின்லேண்டில் இருந்ததாகச் சொல்லியிருந்தாள். நான் கச்சாலுக்கும் தெற்கே, கேம்பல் பேயில் இருந்தேன். அன்று காலை கடல் உள்வாங்கிப் பாறையெல்லாம் வெளியே தெரிய, மீன் துள்ளுகிறது என்று ஊரே பார்க்கப் போனது. அக்காவும் போனாள். தலை பின்னிக்கொண்டிருந்ததால் நான் போகவில்லை. அக்கா திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல இறங்கினோம். விளிம்புக்குப் பாதி தூரத்தில் என் முழங்கால் பாறையில் இடித்தது. எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்குக்கூட இல்லை. கரைப் பக்கம் நான் இதுவரை பார்த்தேயிராத பாறைகள் வெளியே நின்றன. அவ்வளவுதான், ‘பானி ஜா ரஹா ஹை, பாகோ’ என்று கத்திக்கொண்டே ஓடினேன். தண்ணீர் போகிறது, ஓடுங்கள் என்று. இந்தத் தீவுகளில் உயிர்பயத்தில் கத்த எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இந்திதான்.

யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த தெலுங்குக்காரர்கள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்காரர், எல்லோரும் மேட்டுச் சாலையில் ஏறினார்கள். மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு ஜோடி மட்டும் மணலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

மேலே மூச்சு வாங்க நின்றோம். கடல் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் ஒருவர், இன்று அமாவாசை, தண்ணீர் இப்படித்தான் வற்றும் என்றார். அவரும் செருப்பில்லாமல்தான் ஓடி வந்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது, வெட்கத்தில். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் திட்டவில்லை. டீக்கடைக்காரர் இறங்கிப் போய், பொங்கி வழிந்திருந்த பாலைக் கொட்டிவிட்டு வேறு பால் வைத்து, முதல் டீயை எனக்குக் கொடுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன், என் தோழி இன்னும் மேட்டிலேயே நின்றாள். எனக்கு முன்னால் ஏறியவளும் அவள்தான். டீயோடு மேலே போனேன்.

“நான் பேரை வாபஸ் வாங்கிக்கிறேன்டி,” என்றேன்.

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு நான் மெயின்லேண்ட்ல இல்ல. கச்சால்லதான் இருந்தேன். அப்பா என்னை மரத்துல ஏத்திவிட்டுட்டு, தம்பியத் தூக்கிட்டு வாறேன்னு போனாரு.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. நீயும் என்னைத் திட்ட மாட்ட, கேலி பண்ண மாட்ட. அது எனக்கு வேணாம்னு இருந்துச்சு.” டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். “தனியா இறங்க பயமா இருந்துச்சு. அதான் உன் பேரையும் குடுத்தேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் அந்த விளிம்புக்கு அப்பால் தனியாக மிதந்தபடி என்னைக் கேலி செய்தவள் இவள். நன்றாகத் திட்டினேன். திட்டத் திட்ட அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த ஞாயிறு தண்ணீர் நிறைய இருந்தது. இருவரும் தோளோடு தோள் உரசுகிற நெருக்கத்தில் நீந்தினோம். பாறை முடிந்தது. நான் திரும்பவில்லை. கருநீலத்துக்கு மேலே வந்ததும், அக்கா எங்கே இருக்கிறாள் என்று முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூச்சுக்காகத் தலையைத் திருப்பியபோது பக்கத்தில் அவள் தெரிந்தாள். கையை வீசாமல், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி, அவளும் கீழேதான் தேடிக்கொண்டிருந்தாள்.