இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

எங்கள் கம்பெனியில் மொத்தமே ஒன்பது பேர். அதில் அதிகம் படித்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. மண்டைக்கனம் என்றும் சொல்லலாம். போன் மேசையில் இருந்த பெண்ணை வாடிக்கையாளர்கள் போனம்மா என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். முப்பது வயதைத் தாண்டி இரண்டொரு வருடம்கூட ஆகாதவருக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்தான். அவர் அதைச் சந்தோஷமாகவே சுமந்தார்.

ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் மூன்று அறைகள், அதுதான் ஆபீஸ். கடைசி அறையில் நான். நடு அறையில் சுவரோரமாக அவருடைய மேசை. மேசைமேல் இரண்டு போன்கள், ஒரு கம்ப்யூட்டர், மூடி தொலைந்த பேனாக்கள். இன்றும் எங்காவது புது பெயிண்ட் வாடை அடித்தால், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்ற அவர் குரல் காதுக்குள் வந்துவிடுகிறது. எனக்கு வயதாகிவிட்டது, வேறென்ன.

சாய ஆலைகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொடுத்தோம். எந்தச் சாயம் எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று ஆலையில் இருப்பவர் வரிவரியாக டைப் செய்வார். அதற்கென்றே நான் ஒரு குட்டி மொழி உண்டாக்கியிருந்தேன். அந்த வரிகளைப் படித்து மெஷினுக்குப் புரியவைக்கும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அதை எழுதியவனும் அடியேன்தான். எழுதியதில் பிசகு இருந்தால், 'சிண்டாக்ஸ் எரர், வரி 212' என்று சிவப்பில் ஒரு வரி காட்டிவிட்டு அது படுத்துவிடும்.

கூத்து என்னவென்றால், தப்பு 212-ஆம் வரியில் இருக்காது. 14-ஆம் வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்த மனிதர் அதை மூட மறந்திருப்பார். எங்காவது மூடுவார், எங்காவது மூடுவார் என்று பார்சர் படித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் முட்டிக்கொண்டு கத்தும். அவரோ 212-ஆம் வரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நனைத்த துணி தொட்டியில் கிடக்கும். அப்புறம் போன் அடிக்கும்.

ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். போனம்மாவுக்கு என் பார்சர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. ஆனால் அது எப்படிப் பொய் சொல்லும் என்று அத்துப்படி. "கடைசியா எந்த வரியில கை வெச்சீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பாதி தப்பு அதிலேயே பிடிபட்டுவிடும். சில சமயம் பார்சர் படுக்காமல் உளறிக்கொண்டே போகும்; திரையில் நாற்பது எரர் வந்திருக்கிறது என்று யாராவது பதறினால், "முதல் ஒண்ணை மட்டும் பாருங்க, மீதியெல்லாம் அதோட பிள்ளை குட்டிங்க" என்று சிரிப்பார்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணை கவுன்டரில் இருந்தவர். கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகுத் தண்டில் அடிபட்டு வீட்டோடு ஆகிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இது எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும், முதலாளி உட்பட.

ஒருநாள் மத்தியானம் போனம்மா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, உங்க புரோகிராம், தான் எங்க முட்டிக்கிச்சுன்னு சொல்லுது. அவங்க எங்க தடுக்கினாங்கன்னு சொல்ல மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் அவ்வளவு லேசில்லை, பார்சருக்கு மனிதர்களின் எண்ணம் தெரியாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மூடலைன்னு தெரியுதுல்ல? திறந்தது எந்த வரின்னு ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

உண்மையில் அது மூன்று வாரத்து வேலை, அவ்வளவுதான். நான் பார்சருக்கு ஞாபகசக்தி கொடுத்தேன். பிசகு வந்தால் திரையில் காட்ட வேண்டிய வாசகங்களை அவர் எழுதினார். பழைய பிரின்டர் தாள்களின் பின்பக்கத்தில், போனுக்கும் போனுக்கும் நடுவில், அடித்து அடித்து எழுதினார். 'நீங்கள் தவறு செய்துள்ளீர்கள்' என்று நான் வைத்திருந்த எல்லா இடத்திலும் குறுக்கே கோடு. '14-ஆம் வரியில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. சூடு 60 என்பதை அடுத்து மூட வேண்டியிருக்கலாம்.' இப்படி அறுபத்து மூன்று வாசகங்கள்.

"இருக்கலாம் எதுக்கு? கம்ப்யூட்டர்னா நிச்சயமாப் பேசணும்" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப இருக்கலாம்னு சொல்றதுல என்ன கௌரவம் குறைஞ்சுடும்?"

அந்த மூன்று வாரம்தான் நான் வேலை செய்த காலத்திலேயே நல்ல காலம். புதுப் பதிப்பு ஆலைகளுக்குப் போனது. நாற்பது போன் இருபதாகி, பத்தாகி, இரண்டே மாதத்தில் நாலாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அழகாக ஒரு வரைபடம் போட்டுக் கூட்டத்தில் முதலாளி முன்னால் நீட்டினேன். போனம்மாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. முதலாளி பார்த்தார், பாராட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு போனுக்கு ஒரு ஆள் எதுக்குப்பா? அதை நீயே பாத்துக்கலாமே" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது போனம்மா. மாதக் கடைசிவரை கெடு. நான் மன்றாடிப் பார்த்தேன். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு முடிவெடுத்தால் பிடித்த பிடிதான்.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தேன். அந்த அறுபத்து மூன்று வாசகங்களையும் எடுத்துவிட்டுப் பழைய சிவப்பு வரியைத் திரும்ப வைத்து, சின்னத் திருத்தம் என்று சொல்லி எல்லா ஆலைகளுக்கும் அனுப்பினேன். போன் அடித்தால் ஆள் வேண்டும், கணக்கு சரிதானே! மறுநாள் காலை பத்து மணிக்கே நடு அறையில் மணி அடித்தது. அடுத்தடுத்து மூன்று முறை. எனக்கு உள்ளூர ஒரே குஷி.

கொஞ்ச நேரத்தில் போனம்மா வந்து கதவைச் சாத்தினார்.

"பழைய வரி எப்படித் திரும்ப வந்துச்சு?"

"ஏதோ மாறி ஏறிடுச்சு போல."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது அண்ணா. காது சிவந்துபோச்சு."

சொல்லிவிட்டேன். உங்கள் வேலை போகக் கூடாது என்றுதான் என்றேன். கண்கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"போன் அடிக்கலைன்னா போன் மேசைக்கு ஆள் வேண்டாம்னு தெரியாம இருக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? எழுத உக்காந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"வேற மேசைக்கு மாத்துவாங்கன்னு ஒரு நப்பாசை. நடக்கல. அதுக்கு? எனக்குப் போன் பண்றவங்க முதல்ல என்ன சொல்வாங்க தெரியுமா? எரரைச் சொல்ல மாட்டாங்க. 'அம்மா, எனக்குப் படிப்பு கம்மி, தப்பா நினைச்சுக்காதீங்க'ம்பாங்க. முப்பது வருஷமா சாயத்துல ஊறின கை. துணியைப் பாத்தே எத்தனை கிராம்னு சொல்ற ஆளு. அவரு ஒரு அடைப்புக்குறிக்காக என்கிட்ட கூனிக் குறுகுறாரு. ரெண்டு மாசமா அதை நான் கேக்கல. இன்னிக்குக் காலையில மறுபடி மூணு பேரு சொல்லிட்டாங்க. என் சோத்துக்காக அவங்க முட்டாளாகணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுபத்து மூன்றும் திரும்ப ஏறி எல்லா ஆலைக்கும் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அந்த மூன்று பேரையும் தானே போனில் கூப்பிட்டு, "தப்பு எங்க பேர்லதாங்க, உங்க பேர்ல இல்ல" என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

ஐந்து மாதம் அலைந்து ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த ஐந்து மாதம் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

கெடு முடிந்த அந்த மாதக் கடைசி நாளும் அவர் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். யாராவது கூப்பிட்டால் ஆள் இருக்க வேண்டும் என்று சாப்பிடக்கூட மேசையை விட்டு எழவில்லை. நான் என் அறையில் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு, ஒரே ஒரு போனாவது வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை மணி அடிக்கவே இல்லை.