இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு விடை

நர்ஸாக இருந்த கல்பகம் பிற்பாடு புள்ளியியல் படித்து, கச்சிபௌலியில் மருந்துச் சோதனைகளைக் கணக்கிடும் கம்பெனியில் சேர்ந்தாள். ஊரின் மறுகோடியில் குஷாய்குடா வீட்டிலிருந்து போய்வருவதில் பாதி ஆயுள் போயிற்று. மீதியில் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தாள்.

அங்கே ஒரே கணக்கை இருவர் தனித்தனி மென்பொருளில் போட வேண்டும். ஒத்துப்போனால்தான் வெளியே போகும். கல்பகத்திடம் கம்பெனி விலைக்கு வாங்கிய மென்பொருள். புதிதாகச் சேர்ந்த செகந்திராபாத் உமேஷிடம் இலவசமாகக் கிடைப்பது. இலவசம் என்றாலே அவளுக்கு ஆகாது.

அன்று ரத்த அழுத்த மருந்து, இரண்டு ஆஸ்பத்திரி. அழுத்தம் மாறியதில் மருந்தின் பங்கு எவ்வளவு, ஆஸ்பத்திரியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் வர்க்கக் கூட்டுத்தொகை இருவருக்கும் ஒத்துவரவில்லை.

"காய்கூ டென்ஷன்? எதுக்கு மேடம்?" என்று தன் ஊர் இந்தியும் தமிழுமாய்க் கேட்ட உமேஷ், மருந்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை எழுதிப் போட்டான். "மருந்துக்கு இப்ப உங்க விடையே வந்துடுச்சு பாருங்க!"

"விடையைப் பார்த்துட்டுக் கணக்கை வளைக்கறதா?"

நேரே மேலாளர் பத்ரிநாராயணனிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"இன்னும் நிரந்தரம் ஆகாதவர்தானே? ஆதாரம் கொண்டு வாங்க, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் அவர்.

ஆதாரத்துக்காக, எல்லாப் பிரிவிலும் நோயாளிகளைச் சமமாக வைத்து ஒரு மாதிரிக் கணக்கை இரண்டு மென்பொருளிலும் போட்டாள். விடை ஒன்றே. வரிசையை மாற்றினாலும் ஒன்றே. கல்பகத்துக்குச் சுருக்கென்றது. நிஜக் கணக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து சாப்பிட்டவர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். தலை எண்ணிக்கை சமமில்லை. அப்போது மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக ஒரு பங்கு விழும். உமேஷின் மென்பொருளில், பந்தியில் முதலில் உட்கார்ந்தவனுக்கே அந்தப் பொதுப் பங்கு. அவளுடையதில் அது யார் இலையிலும் விழாது.

"அப்ப யார் கணக்கு தப்பு?" என்றார், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு பத்ரிநாராயணன்.

"ரெண்டும் சரி சார். ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்."

"எந்தக் கேள்வின்னு முன்னாடியே யார் சொல்லியிருக்கணும்?"

"நான்தான் சார்."

"உமேஷ்?"

"இருக்கட்டும். எனக்கு ஒத்துவராத விடை கொடுக்க ஓர் ஆள் வேணுமே."

வெளியே உமேஷ் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மேடம், நான் வீட்டுக்கா?"

"எந்த வீடு? நிறைய வேலை கிடக்கு. முதல்ல ஒரு டீ குடிங்க, சர்க்கரை தூக்கலா. பி.பி. இறங்கின மூஞ்சி."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீக்குக் காசு மட்டும் கொடுத்தாள்.