பச்சைக் கதவு லயம்

அன்று மணிமுத்தாறு பள்ளிக்கூடத்தில் அப்பா, நான், என் மகள் செல்வி, ஓவிய ஆசிரியை ஆகிய நால்வரும் இருந்தோம். தேயிலை எஸ்டேட்டைவிட்டு மலையிறங்கியவர்கள் பழைய இடத்தைப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து வரைய வேண்டுமாம். நாங்கள் குடியிருந்த, ஒரே வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளை இடித்துவிட்டதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆசிரியை உளறிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தாளில் கரித்துண்டை இழுத்ததும் எழுந்த வாசம் என்னை மேலே கொண்டுபோய்விட்டது. அங்கே அடுப்புக்கு மேலே ஈரக் கம்பளி காயும், தகரத்தில் விழும் மழை பேச்சை அமுக்கும், எல்லாக் கதவும் ஒரே பச்சை என்பதால் பனிமூட்டத்தில் வேறு வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுவோம், அந்த வீட்டு அத்தையும் "வந்துட்டாம்லா மருமவன்" என்று சிரித்துச் சோறு போடுவாள். ஆறாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போன பிறகும் நான் வீடு மாறி நுழைந்திருக்கிறேன்.

"தாத்தா, கூரை எங்க? மழை பெஞ்சா நனைய மாட்டியளா?" என்றாள் செல்வி.

படத்தில் சுவரும் கதவும் மட்டுமே இருந்தன.

"தாத்தா பொறவு போடுவாவ" என்றேன் அவசரமாக.

அப்பா கரியைக் கீழே வைத்தார்.

"எதுக்குலே போடணும்? அதான் பிரிச்சி இடிச்சிட்டானுவளே. நீ எப்பச் சொல்லுவேன்னுதாம்லே பாத்துக்கிட்டிருந்தேன்."